எக்ஸ்பிரஸ் நின்று நின்று ஓடிய கோடை

பாதிச் சரிவு ஏறியதும் எக்ஸ்பிரஸ் உட்கார்ந்துவிட்டார்.

வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வெயிலில் வேலை செய்கிறவர்கள் உட்காரத்தான் செய்வார்கள். இவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் கீழே இருந்த நாலைந்து பேரும் இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். சரிவு முழுவதும் சத்தம் அடங்கிப்போய், தலைக்கு மேலே போகிற மின்கம்பிகளின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

"என்னப்பா, எக்ஸ்பிரஸ் நடுக்காட்டுல நின்னுடுச்சு?" என்று கத்தினார் மீசைக்காரர்.

"சிக்னல் விழலையாம்!" என்றார் இன்னொருவர்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாருங்கடா," என்றார் இவர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அதுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. திட்டக்கூட மூச்சு இல்லையென்றால் மனிதன் எப்படிப் பிழைப்பது?

அவருடைய வேலை மின்கம்பிப் பாதையைச் சுத்தமாக வைத்திருப்பது. அந்தப் பக்கத்துக் காட்டைத் தலையில் வகிடு எடுத்தாற்போல் இரண்டாகப் பிரித்துக்கொண்டு பெரிய மின்கம்பிகள் மலை ஏறி இறங்கிப் போகின்றன. கீழே புதரும் மரமும் மண்டி, ஒரு கிளை கம்பியில் உரசினால் போதும், ஊர் முழுக்க இருட்டிவிடும். அதனால் கோடை தொடங்கியதும் ஒரு குழு உள்ளே இறங்கிப் பாதை நெடுக வெட்டிக்கொண்டே போகும். புதர் வெட்டும் இயந்திரத்தைக் கையால் மட்டும் தூக்க முடியாது. இரண்டு தோளிலும் பெல்ட் மாட்டி, அதில் தொங்கவிட்டு, இடுப்பைத் திருப்பித் திருப்பி வீச வேண்டும். நாள் முழுக்க அந்தப் பெல்ட்டும், இயந்திரம் வந்து மோதுகிற இடுப்புத் தட்டும் உரசி உரசித் தோல் சிவந்து புண்ணாகிவிடும். குழுவில் எவர் சட்டையைத் தூக்கினாலும் ஒரு பெல்ட் காயம் இருக்கும். எல்லார் வீட்டிலும் அதற்கென்று ஒரு களிம்பு டியூபும், தடவிவிட ஒரு மனைவியும் உண்டு.

இவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் முன்னால் போகிறவர் இவர்தான். மற்றவர்கள் தண்ணீர் குடிக்க நிற்கும்போது இவர் அடுத்த கம்பத்துக்குப் போயிருப்பார். கடவுள் காலில் சக்கரம் கட்டி அனுப்பிய சில பேர் உண்டு. அந்த வேகத்துக்கு வைத்த பெயர்தான் எக்ஸ்பிரஸ். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அந்தப் பெயர் மேல் ஆசை. அந்தப் பெயர் இப்போது சரிவில் உட்கார்ந்திருந்தது.

கோடையின் ஆரம்பத்தில் அவருக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வந்து, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலித்தது. சளிக் காய்ச்சல் என்று கசாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். அது போனது. சில வாரம் கழித்து இது வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சுக்குள் யாரோ மாடிப்படி இறங்கி வந்து, ஒரு படியைத் தவறவிட்டு, தடாலென்று அடுத்த படியில் கால் வைப்பது போல் ஒரு துடிப்பு விடுபடும். பிறகு பெரிதாக ஒன்று அடிக்கும்.

மனைவி துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடுகிறவர். அன்றாடம் நின்றுகொண்டே வேலை செய்து காலெல்லாம் நரம்பு சுருட்டிக் கிடந்தாலும், கணவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் போகிற சின்ன மருத்துவமனை. அந்த மருத்துவர் நல்லவர், பாவம், வரிசையில் இன்னும் இருபது பேரை வைத்துக்கொண்டு பார்த்தார். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. துடிப்பு கொஞ்சம் மெதுவா இருக்கு. உடம்பால உழைக்கிறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஓட்டப்பந்தயம் ஓடுறவங்க இதயம் மாதிரி."

வெளியே வந்ததும் மனைவியின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? ஓட்டக்காரர் இதயமாம். ஆண்டவன் புண்ணியம்."

"ஓட்டக்காரன் இதயம் வச்சிருக்கிறவனுக்கு நம்ம வீட்டு மாடிப்படி ஏன் ஏற முடியல?"

"நல்லது சொன்னாலும் எரிஞ்சு விழுறீங்க. கெட்டது சொல்லணும்னா போனோம்?"

ஆமாம், அதற்குத்தான் போனார். ஆனால் அதை எப்படிச் சொல்வது? ஏதோ ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும் என்று இருந்தது அவருக்கு. ஒன்றும் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்றும் இல்லாதவன் உட்கார்ந்தால் அவனுக்குப் பெயர் சோம்பேறி.

அந்தப் பெயரை முதலில் வாய்விட்டுச் சொல்லாமல் சொன்னவர் குழுவின் மேற்பார்வையாளர். அவர் வேறு யாரும் இல்லை, மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இவரிடம்தான் இயந்திரம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு பரீட்சை எழுதித் தேறி இவருக்கே மேலாளாக வந்துவிட்டார். மரியாதையில் குறை வைக்காத ஆள். அந்த மரியாதையே சில நேரம் சுடும்.

"மாமா, நீங்க கொஞ்ச நாள் வண்டிகிட்ட இருங்க. பெட்ரோல் கேனைப் பார்த்துக்குங்க. நிழல்தான். நோகாத வேலை."

"நோகாத வேலை கேட்டேனா நானு?"

"டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாராமே, அக்கா சொன்னா. அப்புறம் ஏன் மாமா ரெண்டு கம்பத்துக்கு ஒரு தடவை உட்கார்றீங்க? மத்தவங்க பார்க்கிறாங்க. நாளைக்கு அவனவனும் உட்கார்ந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"நான் வேணும்னு உட்கார்றேன்னு நினைக்கிறியா மாப்பிள்ளை?"

மைத்துனர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் வண்டியின் நிழலில், கேன்களுக்கு நடுவே கிடந்தார். பெட்ரோல் ஊற்றிக்கொள்ள வருகிறவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை வீசிவிட்டுப் போனார்கள். "எக்ஸ்பிரஸ் கூட்ஸ் வண்டி ஆகிப்போச்சு." "இல்லடா, இப்போ அது ஸ்டேஷன் மாஸ்டர்." சிரித்துச் சமாளித்தார். சிரிப்பும் மூச்சு வாங்க வைத்தது.

பொறுக்காமல் வேறொரு மருத்துவரிடம் தனியாகப் போனார். அந்த மருத்துவர் மேசைமேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு மிகவும் அன்பாகப் பேசுகிறவர்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை இருக்குங்க. மூச்சு வாங்குது."

"அதைக் கேட்கல. மனசுல ஏதாவது கவலை?"

"இருக்கு. மூச்சு வாங்குதேன்னு கவலை."

"அதைத் தவிர?"

"அதைத் தவிர நான் நல்லா இருக்கேங்க."

மருத்துவர் பெருமூச்சு விட்டார். இந்த வயதில் ஆண்கள் மனதில் உள்ளதை வெளியே சொல்வதில்லை என்றார். வேலையைப் பற்றிக் கேட்டு, மச்சினன்தான் மேலதிகாரி என்று தெரிந்ததும் அந்தச் சங்கடத்தைப் பற்றி மெல்ல விசாரித்தார். பதற்றம்தான் நெஞ்சில் இப்படிக் காட்டுகிறது என்று சொல்லி, தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். எக்ஸ்பிரஸ் வெளியே வந்து நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் உலுக்கவும் தெம்பு வேண்டுமே.

வீட்டில் மனைவி ஜெபம் செய்துகொண்டிருந்தார். அன்றாடம் ஜெபிக்கிறவர்தான். இப்போது அது நீண்டுகொண்டே போனது.

"என்ன கேக்குற அங்க?" என்றார் இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"உங்களுக்குப் பொறுமையைக் கொடுன்னு கேக்குறேன்."

"பொறுமை வேண்டாம். எனக்கு என்ன நோய்னு கேட்டுச் சொல்லு."

அந்த வாரமே ஒரு காலை நேரம், வண்டியின் பக்கத்தில், கேன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கண்கள் திறந்தபடி இருந்தன. முகம் சாம்பல் பூத்துப்போயிற்று. நல்ல வேளை, மைத்துனர் அப்போது கணக்காக அங்கே நின்றார். இதைக் கடவுள் செயல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? "மாமா! மாமா!" என்று கன்னத்தில் தட்டினார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒன்று அடித்தது. அடுத்தது வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. மைத்துனர் பெட்ரோல் நாற்றம் அடிக்கிற கையோடு அவரைத் தூக்கி வண்டியில் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி பெரிய மருத்துவமனைக்கு விரட்டினார். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார் என்று பிற்பாடு கூட வந்த மீசைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

பெரிய மருத்துவமனையில் யாரும் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. கழுத்து வழியாக மெல்லிய கம்பி ஒன்றை இதயம் வரைக்கும் விட்டு, வெளியே ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார்கள். இதயம் மறந்துபோகிற துடிப்பை அந்தப் பெட்டி நினைவுபடுத்தும். எக்ஸ்பிரஸ் கண் விழித்தபோது தலைமாட்டில் ஒரு திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

இதய மருத்துவர் நரைத்த தலை, அளந்து பேசுகிறவர். கட்டிலின் காலடியில் நின்று விளக்கினார். "இதயத்துக்கு மேல் அறை, கீழ் அறைன்னு இருக்கு. மேல் அறை அடின்னு சொல்லுது. அந்தச் செய்தி கீழ் அறைக்குப் போய்ச் சேரல. வழியில நின்னுடுது."

"இவரும் அப்படித்தான் டாக்டர், மேல சொன்னா கீழ கேக்காது," என்றார் மனைவி. பயத்தில் வந்த வாய்தான் அது. சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மருத்துவர் லேசாகச் சிரித்தார். "திங்கட்கிழமை நிரந்தரமா பேஸ்மேக்கர் வச்சிடலாம். தோலுக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி. பயப்பட ஒண்ணும் இல்ல. எத்தனையோ பேர் வச்சுக்கிட்டு நல்லா இருக்காங்க."

"வச்சுக்கிட்டுப் பழைய வேலைக்குப் போகலாமா?"

"என்ன வேலை?"

"பெரிய மின்கம்பிக்குக் கீழ புதர் வெட்டுறது."

மருத்துவர் யோசித்தார். "அது வேண்டாம். அவ்வளவு பெரிய மின்சாரம், அந்த அதிர்ற மெஷின்... உங்க கம்பெனியும் விடமாட்டாங்க. உட்கார்ந்து செய்ற வேலையா பார்த்துக்கலாம்."

அவர் போன பிறகு எக்ஸ்பிரஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். இவ்வளவு நாள் கத்திக் கத்திக் கேட்ட பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதில் அவரை ஆயுள் முழுக்க பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. கேன் காவல்காரனாகச் சாகவா இந்தக் கால்களைக் கொடுத்தாய் என்று கடவுளிடம் கேட்டார். மனதுக்குள்தான் கேட்டார். ஆனால் மரியாதையாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஓர் இளம் மருத்துவர் வந்தார். நர்சுகள் அவரைச் சின்ன டாக்டரம்மா என்றார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். எக்ஸ்பிரஸுக்குக் கேள்வி என்றாலே கசப்பு தட்டிவிட்டது.

"அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது இதய நோய்?"

"இல்ல."

"இதுக்கு முன்னாடி மயக்கம்?"

"இந்தக் கோடைக்கு முன்னாடி இல்ல."

"கோடையில காய்ச்சல் ஏதாவது?"

"சளிக் காய்ச்சல். வந்துச்சு, போச்சு."

"உண்ணி கடிச்சுதா?"

எக்ஸ்பிரஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காட்டுல வேலை செய்றவனைப் போய் உண்ணி கடிச்சுதான்னு கேக்குறீங்களே டாக்டரம்மா. மீன் பிடிக்கிறவன்கிட்ட கால் நனைஞ்சுதான்னு கேப்பீங்களா? மானு திரியுற காடு. சாயங்காலம் ஆனா பிடுங்கிப் பிடுங்கிப் போடுவோம். அதெல்லாம் ஒரு கடியா? குளவி கொட்டினாத்தான் எங்களுக்குக் கடி."

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சரி. உடம்புல எங்கயாவது சிவப்பா, பெருசா, வட்டமா தடிப்பு வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்காமலே சொன்னார். "இல்ல."

"எங்கயுமே?"

"பெல்ட் உரசின காயம்தான். அது எல்லாருக்கும் வர்றது. வருஷா வருஷம் வர்றது."

சின்ன டாக்டரம்மா பெல்ட்டைப் பற்றி விசாரித்தார். இவர் சலிப்போடு விளக்கினார். உரசினால் சிவக்கும், அவ்வளவுதான். அவர் தலையாட்டினார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எழுந்தும் நின்றுவிட்டார். அப்போது மனைவி, கையில் மாற்றுத் துணிப் பையோடு உள்ளே வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"பெல்ட் காயத்தைப் பத்தி. வேற வேலை இல்லாம."

"அதை ஏன் கேக்குறீங்கம்மா," என்று மனைவி பையைக் கட்டிலில் வைத்தார். "இந்த வருஷம் மாதிரி என்னைக்கும் வந்ததில்ல. ஒரு தட்டு அளவுக்குப் படர்ந்து போச்சு. களிம்பு போட்டுப் போட்டு டியூபே தீர்ந்துடுச்சு. லீவு நாள்லகூட பெருசாச்சு."

"பெரிசுபடுத்தாத."

"நான் பெரிசுபடுத்தல, அதுதான் பெருசாச்சு. இங்க, இந்த இடத்துல," என்று தன் இடுப்பில் தொட்டுக் காட்டினார். "இடது இடுப்புக்கு மேல, முதுகுப் பக்கமா."

"வலது பக்கம்னு சொல்லு."

"இடது."

"வலதுன்னா வலது. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? குப்புறப் படுத்துக்கிட்டு, முகத்தைத் தலையணையில புதைச்சுக்கிட்டுக் கிடப்பீங்க."

"முதுகு யாரோடது?"

"முதுகு உங்களோடது. கண்ணு என்னோடது. சன்னல் பக்கம் நான் உட்கார்றது. சன்னல் பக்கம் இருக்கிறது உங்க இடது பக்கம். கடவுள்மேல ஆணையா இடதுதான்."

எக்ஸ்பிரஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்ன டாக்டரம்மா கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். அந்த மெஷின் எந்தப் பக்கம் தொங்கும்?"

"வலது," என்றார் அவர். "எல்லாருக்கும் வலதுதான். இடது பக்கம் தொங்குற மெஷினை நான் பார்த்ததே..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. மனைவி அவரைப் பார்த்தார். அவர் மனைவியைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகள் காயத்துக்கு மருந்து போட்ட அந்த அம்மா, கணவர் இயந்திரத்தை எந்தப் பக்கம் மாட்டுகிறார் என்று பார்த்ததில்லை. இயந்திரத்தை மாட்டிய அவர், காயத்தைப் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்குப் பாதியை வைத்திருந்தார்கள்.

"களிம்பு போட்டப்போ எரியுதுன்னு சொன்னாரா?"

"இல்லம்மா. மத்த வருஷமெல்லாம் வீடே இடியுற மாதிரி கத்துவாரு. இந்த வருஷம் சத்தமே இல்ல. மனுஷனுக்குப் பொறுமை வந்துடுச்சேன்னு நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்."

சின்ன டாக்டரம்மா அவரை ஒருபக்கமாகத் திருப்பி, சட்டையை விலக்கிப் பார்த்தார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. "மறைஞ்சு போயிருக்கும், அது அப்படித்தான்," என்றார். மறுபடி உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற ஒரு கிருமி இருக்கிறது. அதனால் வருவதற்கு லைம் நோய் என்று பெயர். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு படரும். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. பிறகு காய்ச்சல், உடம்பு வலி. வைத்தியம் செய்யாமல் விட்டால் சில பேருக்கு, எல்லாருக்கும் அல்ல, சில வாரம் கழித்து இதயத்தில் மின்சாரம் போகிற வழியைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், மயக்கம் வரும்.

"அப்போ அந்த முதல் டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தாரே?"

"இது நேரத்துக்கு நேரம் மாறும். காலையில லேசா தெரியும், சாயங்காலம் அடைச்சே போயிடும். அவர் பார்த்த நேரம் லேசா இருந்திருக்கும்."

எக்ஸ்பிரஸ் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "கம்பியில புதர் சாய்ஞ்ச மாதிரியா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"அப்போ புதரை வெட்டினா போதுமே. கம்பத்தையே ஏன் மாத்தணும்?"

"அதைத்தான் நான் பெரிய டாக்டர்கிட்ட கேக்கப் போறேன்," என்றார் அந்தப் பெண்.

பெரிய மருத்துவர் வந்தார். பொறுமையாகக் கேட்டார். மெஷின் பக்கத்தையும் காயத்தின் பக்கத்தையும் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். "முதல் நாளே நான் இதைக் கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொன்னார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரக் காத்திராமல் அன்றே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற ஆரம்பித்தார்கள். "மருந்துக்கு வழி விடுவோம். திங்கட்கிழமை வேண்டாம், வெள்ளி வரைக்கும் பார்ப்போம். இந்த நோயா இருந்தா பெரும்பாலும் இதயம் தானா வழிக்கு வந்துடும். வரலைன்னா பெட்டி வச்சே ஆகணும். உயிரோட விளையாட முடியாது."

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதை எழுதப் புகுந்தால் வார்த்தை போதாது. திங்கள் போயிற்று. பாட்டிலில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. திரையில் அதே கோடு, அதே நிதானம். துடிப்பதெல்லாம் அந்தப் பெட்டியின் துடிப்பு, தன்னுடையது அல்ல என்று அவருக்குத் தெரியும். கோபம் வந்தால் நெஞ்சு வேகமாக அடிக்க வேண்டாமா? அவருக்குக் கோபம் வந்துகொண்டே இருந்தது. ஓட்டக்காரன் இதயம் என்றவர் மேல், மாத்திரை கொடுத்தவர் மேல், மச்சினன் மேல், களிம்பு டியூப் மேல், எல்லாவற்றையும்விட 'இல்ல' என்று யோசிக்காமல் சொன்ன தன் நாக்கு மேல். திரை மட்டும் அசையவில்லை. கடிகாரம் போல் டக், டக் என்று ஓடியது.

செவ்வாய்க்கிழமை இரத்த முடிவு வந்தது. லைம்தான். மனைவி கண்ணை மூடி நன்றி சொன்னார்.

"நோய் இருக்குன்னு சொன்னதுக்கா நன்றி சொல்ற?"

"நீங்கதானே கேட்டீங்க, என்ன நோய்னு கேட்டுச் சொல்லுன்னு. கேட்டேன். சொல்லிட்டாரு."

எக்ஸ்பிரஸ் திரையைப் பார்த்தார். பெயர் தெரிந்து என்ன செய்ய, கோடு மாறவில்லையே.

புதன் இரவு முழுக்க மருந்து ஏறியது. வியாழன் காலை மைத்துனர் வந்தார். வாசலிலேயே நின்றார். தொப்பியைக் கையில் வைத்து விளிம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"உள்ள வா மாப்பிள்ளை. தொத்துநோய் இல்ல."

"மாமா, நான் அன்னைக்கு..."

"அதை விடு. நீயும் என்ன பண்ணுவ? டாக்டரே சொன்னாரு."

"சொன்னாரு. ஆனா நான் உங்களை இத்தனை வருஷமா பார்க்கிறவன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேச்சை மாற்றுகிறவர் போலச் சொன்னார்: "இதைக் கேட்டதும் எல்லாருக்கும் சொன்னேன். சட்டையைக் கழட்டிப் பாருங்கன்னு. சிரிக்கிறானுங்க. மீசைக்காரருக்கு முழங்காலுக்குப் பின்னால ஒரு சிவப்புத் திட்டு இருக்கு. ரெண்டு வாரமா இருக்காம். பெல்ட் காயம்தான்னு சொல்றாரு."

எக்ஸ்பிரஸ் சட்டென்று நிமிர்ந்தார். "எங்க?"

"முழங்காலுக்குப் பின்னால."

"போனைப் போடு."

"மாமா, நீங்க இப்போ..."

"போனைப் போடுடா!"

மைத்துனர் எண்ணை அழுத்தி, போனை அவர் காதுக்கு வைத்துப் பிடித்தார். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம், அப்புறம் மீசைக்காரரின் குரல். "யாரு, எக்ஸ்பிரஸா? வண்டி பழுது பார்த்தாச்சா?"

"முழங்காலுக்குப் பின்னால எந்தப் பெல்ட்டுடா போகுது?"

"என்னது?"

"கேக்குறேன்ல! நம்ம பெல்ட் தோள்ல மாட்டுறது. உனக்கு மட்டும் தனியா முழங்காலுக்கு ஒண்ணு தைச்சுக் கொடுத்தாங்களா?"

"ஏதோ உரசியிருக்கும்ப்பா. வலியே இல்ல. அது கிடக்கட்டும் சனியன்..."

"வலி இல்லைன்னாத்தான்டா போகணும்! எனக்கும் வலிக்கல! வலிக்காம வலிக்காம எங்க கொண்டாந்து போட்டிருக்குன்னு வந்து பாரு! கழுத்துல ஓட்டை போட்டுக் கம்பி விட்டிருக்கான்! ஒருத்தனாவது சொல்றதைக் கேக்குறீங்களாடா? நான் சொன்னப்போ யாரும் கேக்கல, இப்போ டாக்டரே சொல்றாரு, இப்பவும் சிரிக்கிறீங்க!"

தலைமாட்டில் திரை கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நர்சு ஓடி வந்தார். "ஐயா, கத்தாதீங்க! படுங்க! யாரு இவருக்குப் போன் கொடுத்தது?" மனைவி தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார். பின்னாலேயே சின்ன டாக்டரம்மா வந்தார். வந்தவர் எக்ஸ்பிரஸைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். சின்னப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"கத்தட்டும் விடுங்க சிஸ்டர்," என்றார்.

நர்சு திகைத்தார்.

"பெட்டி வேலையே செய்யல, பாருங்க. சும்மா இருக்கு. இது அவரோட சொந்தத் துடிப்பு. மேல சொல்றது ஒண்ணு விடாம கீழ வருது." பிறகு கட்டிலின் பக்கம் திரும்பினார். "நேத்து வரைக்கும் நீங்க எவ்வளவு கோவப்பட்டாலும் இது அசையல. இப்போ கோவத்தோட சேர்ந்து ஓடுது."

எக்ஸ்பிரஸுக்கு முதலில் புரியவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். தடதடவென்று, இடைவெளி விடாமல், படி தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"பெரிய டாக்டர் வந்து பார்த்துத்தான் சொல்லணும். இன்னும் ரெண்டு நாள் கம்பி இருக்கட்டும்பாரு. மருந்து வாரக்கணக்குல போகும், அதை நடுவுல விடக்கூடாது. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா, பெட்டியைப் பத்தி இனிமே கவலைப்பட மாட்டேன்."

மனைவி கட்டிலின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அவருடைய தலையில் எக்ஸ்பிரஸ் கையை வைத்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். அதற்குள் மைத்துனரின் கையில் இருந்த போனிலிருந்து "ஹலோ... ஹலோ... இருக்கியா இல்லையாப்பா?" என்று சின்னதாகக் குரல் கேட்டது.

"அதை இங்க கொடு," என்றார்.

"மாமா, போதும்."

"கொடுன்னா கொடு." போனை வாங்கினார். "இருக்கேன்டா, எங்க போகப் போறேன்? மெஷினைக் கழட்டி வச்சுட்டு இப்பவே டாக்டர்கிட்ட போ. காட்டுல வேலை, உண்ணி கடிச்சுது, சிவப்பு படர்ந்திருக்கு, இந்த மூணையும் நீயே வாயைத் திறந்து சொல்லு. அவங்க கேக்கட்டும்னு உட்கார்ந்திருக்காத. என்னது, நாளைக்கா? நாளைக்குன்னு சொன்ன, நான் இந்தக் கம்பியோட எழுந்து வந்துடுவேன், பார்த்துக்கோ!"